பீச்சை அழகுபடுத்தும் முன் குப்பத்தோடு ஒருமுறை உட்காருங்கள்

பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை கடலோரத்தில் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், கூட்டத்துக்கு வருகிற, வராத எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாநகராட்சிக்குக் கொடுப்பதற்காக ஒரு மனு நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைப்பில் காலநிலை மாற்றம் இருக்கிறது. உள்ளே போனால் பீச்சில் ஹைமாஸ்ட் விளக்கு, பேவர் பிளாக் நடைபாதை, கார் நிறுத்த இடம், மணலில் படர்ந்திருக்கும் 'புதர்களை' அகற்றிச் சமப்படுத்துவது, மரக்கன்று நடுவது, அலை ஏறும் இடங்களில் கல் கொட்டுவது, அப்புறம் மீனவர்களின் படகுக்கும் வலைக்கும் 'வரையறுக்கப்பட்ட இடம்' என்று வரிசையாக வருகின்றன. என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. காரணத்தை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொன்னால் சண்டையில்தான் முடியும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மனு எழுதியவர்களின் எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பு எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் இந்த மனுவில் கேட்டிருப்பதில் பெரும்பகுதியை மாநகராட்சி அப்படியே செய்து கொடுத்தால் நம் கரை இப்போது இருப்பதைவிட பலவீனமாகும். இந்தக் கரையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருநூறு அடி தள்ளி, மீனவர் குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இது எழுதப்பட்டிருக்கிறது.

மணலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனுவிலேயே எனக்கு அதிகம் உறுத்தியது 'புதர்களை அகற்றி' என்ற வரிதான். நடுவில் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக மணலில் ஓடும் அந்தக் கொடி அடம்பு. முள் பந்துகளைக் காற்றில் உருட்டிவிடும் புல்லுக்கு ராவணன் மீசை என்று பெயர். கடல்காற்று காய்ந்த மணலைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தக் கொடியும் புல்லும் அதைப் பிடித்து நிறுத்தும். மணல் மூட மூட அவை மேலே வளரும். அப்படி வருடக்கணக்கில் எழும்புவதுதான் மணல்மேடு. புயல் வரும்போது அலை முதலில் மேட்டின் அடியை அரிக்கும். அரித்த மணல் தொலைவுக்குப் போய்விடுவதில்லை, கரைக்கு முன்னால் ஆழம் குறைந்த திட்டாகப் படியும். அடுத்து வரும் அலை அந்தத் திட்டில் உடைந்து வேகம் இழக்கும். கடல் அமைதியான மாதங்களில் அதே மணல் மெல்லக் கரையேறி, கொடி இருந்தால் மறுபடி மேடாகும். ஆபத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் மாதாமாதம் கட்டி அடைக்கிற சீட்டு மாதிரி. கொடியைப் பிடுங்கி, ஜேசிபி விட்டுச் சமப்படுத்தி, மேலே கல் பதித்துவிட்டால் எடுப்பதற்கு எதுவும் இருக்காது.

இது என் சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடும் ஆமை முட்டையிடும் இடமும் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பிரிவில் வருகின்றன. 2011 அறிவிக்கை, அழகுபடுத்துவதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மணல்மேட்டை மாற்றக் கூடாது என்று தடைப் பட்டியலிலேயே எழுதியிருந்தது. 2019 அறிவிக்கை வேறு பல விஷயங்களில் கையைத் தளர்த்தியது, ஆனால் மணல்மேட்டைத் தொடக் கூடாது என்பதை விடவில்லை. நம் மனு கேட்பது, பச்சையாகச் சொன்னால், சட்டத்துக்குப் புறம்பான வேலை. அதை நாமே கையெழுத்துப் போட்டுக் கேட்கிறோம்.

பீச்சில் கட்டுமானம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் நம் கண் முன்னால் உதாரணம் இருக்கிறது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலை வரை போவதற்கு மரத்தில் ஒரு பாதை போட்டார்கள். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலின் அலை அதைச் சேதப்படுத்திவிட்டது. அந்தப் பாதையை நான் குறை சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் கடலைத் தொட ஒரு வழி வேண்டும், உடைந்தால் திரும்பப் போட்டாக வேண்டும். நாம் கேட்பதோ மாலை நடைக்கு ஒரு பேவர் பிளாக் பாதை. நடப்பதற்கு மணலே போதும்.

கல் கொட்டுவது பற்றி. சென்னைக்காரர்களுக்கு இதில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் மட்டும் திசை மாறும். துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா வளர்ந்தது, வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்தது. அங்கே கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. உடனே அங்கேயும் கல். இன்று வடசென்னையில் பல இடங்களில் கரை என்றாலே கருங்கல் குவியல்தான். படகை இழுத்துப் போட இடம் இல்லாமல் போன குப்பங்கள் அங்கே உண்டு. நீலாங்கரையில் ஒரு பங்களாவின் மதிலைக் காப்பாற்றக் கல் போட்டால், அதன் விலையை வடக்கே இருக்கும் பாலவாக்கமோ கொட்டிவாக்கமோ கொடுக்க நேரிடும். ஒரே கரையில் இருக்கும் சங்கங்கள் ஆளுக்கொரு மனு கொடுப்பதில் இருக்கும் சிக்கலும் இதுதான்.

விளக்கைப் பற்றி ஒரு பத்தி போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. மாணவர்கள் நடத்தும் ஒரு கடலாமைக் குழு 1988 முதல் ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். கடல்பக்கம் இருக்க வேண்டிய வெளிச்சம் ரோட்டுப்பக்கம் இருந்தால் ரோட்டுக்குப் போகும், நாய்க்கும் காருக்கும் பலியாகும். போதாக்குறைக்கு, மணலின் சூடு ஏறத்தாழ 29, 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பிறக்கும் குஞ்சுகளில் பெண் கூடிக்கொண்டே போகும். பூமி சூடாவது ஆமையின் முட்டைக்குள் வரை போய்விட்டது என்றால், நாம் மேற்கொண்டு ஹைமாஸ்ட் போட்டு உதவ வேண்டாம். பெண்களின் பாதுகாப்புக்காக விளக்கு என்ற வாதத்தை ஏற்கிறேன். தெருவுக்குப் போடுங்கள், கீழ்நோக்கிப் போடுங்கள், கடலைப் பார்த்துப் போடாதீர்கள்.

மரக்கன்று விஷயத்தில் எல்லாருக்கும் கோபம் வரலாம், மரம் நடுவதை யாராவது எதிர்ப்பார்களா என்று. பீச் மணலில் வளர வேண்டியது கொடியும் புல்லும். மரத்தைத் தெருவில் நடுங்கள். 2016 வர்தா புயலில் விழுந்த மரங்களின் இடம் நம் தெருக்களில் இன்னும் சிமென்ட் பூசிக் கிடக்கிறது. புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு என்று இந்தக் காற்றுக்கும் உப்புக்கும் பழகிய மரங்கள் இருக்கும்போது, நர்சரிக்காரர் கொடுப்பதை வாங்கி பீச்சில் நட்டு போட்டோ எடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி தண்ணீர். மனுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் சங்கங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நாம் உட்கார்ந்திருப்பது மணலின் மேல். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஓடும் இந்த மணல் பட்டைக்குள் மழைநீர் இறங்கி நன்னீராக நிற்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் லேசானது. அதனால் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது அழுத்திப் பிடித்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். போர் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு 40 மீட்டர் வரை மேலே வரலாம். கிணற்று நீர் சோப்பு நுரைக்காமல் போனதற்கும் குழாய்கள் வருடத்துக்கு வருடம் வெள்ளை பூத்துப்போவதற்கும் நாம் பிளம்பரைத் திட்டுகிறோம். கடல் மட்டம் வேறு உலக சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து நாம் உறிஞ்ச, பக்கத்திலிருந்து கடல் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது நம் கிணறு.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் உத்தரவு வந்தது. அப்போது வைத்த குழாய்களில் பல இன்று வெறும் அலங்காரம். வடிகட்டும் தொட்டியில் சருகும் எலியும். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சென்னையின் வருட மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அந்த ஒரு மாடியில் மட்டும் வருடத்துக்கு 1,30,000 லிட்டர் விழுகிறது, 9,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் பதினான்கு லாரி. மணல் பூமி என்பதால் குழி வெட்டினால் போதும், மளமளவென்று இறங்கிவிடும். களிமண்ணில் வீடு கட்டியிருக்கும் வேளச்சேரிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. நாமோ காம்பவுண்டுக்குள் ஒரு அங்குலம் விடாமல் டைல்ஸ் பதித்துவிட்டு, நெம்மேலியில் மின்சாரம் எரித்து உப்பு பிரித்த கடல்நீருக்குக் காத்திருக்கிறோம்.

நம்மால் முடியாது என்றில்லை. கோவளம் வடிநிலத் திட்டத்தில் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக மழைநீர் வடிகால் போட மாநகராட்சி இறங்கியபோது, இந்த மணல் மழையைத் தானாகவே குடித்துவிடும், வடிகால் போட்டால் நிலத்தடிக்குப் போக வேண்டிய நீர் கடலுக்குப் போய்விடும் என்று சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் இந்தப் பக்கத்துக் குடியிருப்போர்தான். மாநகராட்சியின் பொறியாளர்களிடமே மண்ணின் குணத்தை எடுத்துச் சொன்ன சங்கங்கள் இவை. அதே சங்கங்கள் இன்று பீச்சில் பேவர் பிளாக் கேட்கும்போது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, குப்பத்துக்கு வருகிறேன்.

ஊரூர் ஆல்காட் குப்பம், திருவான்மியூர் குப்பம், கொட்டிவாக்கம் குப்பம் என்று இந்தக் கரை நெடுக மீனவர் ஊர்கள் இருக்கின்றன. நம் காலனிகள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் வந்தவர்கள். படகும் வலையும் கிடக்கும் இடத்தை நாம் 'ஆக்கிரமிப்பு' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். மனுவில் அது நாகரிகமாக 'வரையறுக்கப்பட்ட இடம்' ஆகியிருக்கிறது. படகு நிறுத்தும் இடம் ஒரு பார்க்கிங் ஸ்லாட் கிடையாது. கடல் ஏறினால் படகு ரோடு வரை ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். கரை நிலையாக இல்லாத ஊரில் படகுக்கு மட்டும் கோடு கிழித்தால், முதல் புயலில் கோட்டுக்குள் கடல் நிற்கும். வலையைப் பிரிக்க, காயப்போட, கருவாடு உலர்த்த, பெரிய வலை இழுக்க என்று ஒவ்வொன்றுக்கும் மணல் வேண்டும். அந்தத் தொழில் இருப்பதால்தான் இந்தக் கரை இன்னும் திறந்து கிடக்கிறது. இல்லாவிட்டால் அந்த இடத்தில் எப்போதோ ரிசார்ட் வந்திருக்கும், நமக்கு மாலை நடையும் இருந்திருக்காது.

இதே கரையில் கலங்கரை விளக்கத்திலிருந்து ஈ.சி.ஆர். வரை கடலோரமாகத் தூண் நட்டு மேம்பாலச் சாலை போடும் திட்டம் ஒரு காலத்தில் வந்தது நினைவிருக்கிறதா? குப்பத்துக்காரர்களும் காலனிக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. சேர்ந்து நின்றபோது நடந்தது அது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றப் போனபோது மீனவர்கள் தனியாகத்தான் சாலையில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைபடங்கள் கருத்துக்கேட்புக்கு வந்தன. எங்கள் ஊர் எங்கே, நாங்கள் வலை காயப்போடும் இடம் எங்கே, மீன்பிடிக்கும் இடம் எங்கே என்று கேட்டதும் அவர்கள்தான். வரைபடத்தில் இல்லாத இடத்தை யார் வேண்டுமானாலும் காலி இடம் என்று சொல்லலாம். அந்தக் கேள்வியில் நம் சங்கங்களின் குரல் இருந்திருந்தால் கூடுதல் பலமாக இருந்திருக்கும்.

2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்குள் படகோடு வந்தவர்கள் மீனவர்கள். யாரும் உத்தரவு போட்டு அனுப்பவில்லை. லாரியில் ஃபைபர் படகை ஏற்றிக்கொண்டு வந்து மாடியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கினார்கள். அடுத்த வெள்ளத்துக்கும் அவர்கள் வருவார்கள். எந்தத் தெருவில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எந்த அபார்ட்மென்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்ற பட்டியல் நம்மிடம் இருக்கிறது. படகு அவர்களிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் முன்கூட்டியே இணைத்து வைப்பதைவிடச் சிக்கனமான பேரிடர்த் திட்டம் எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. படகுக்கான டீசலையும், ஏற்றி வரும் லாரி வாடகையையும் சங்க நிதியில் ஒதுக்குங்கள். உதவி கேட்டு வாங்கிவிட்டுச் சால்வை போர்த்துவதோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் போதும்.

கடல் மாறுவதை முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தான். கேரளக் கரையின் மத்தி மீன் 1990களிலிருந்து நம் கிழக்குக் கரையிலும் ஏராளமாகக் கிடைப்பது கடல் சூடாவதோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். மீன் ஏலம் விடும் பெண்மணிக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். எந்த மாதம் எந்தப் பக்கம் கரை தேயும், வாடைக்காற்று எப்போது திரும்பும், முகத்துவாரம் எப்போது அடைபடும் என்பதற்கெல்லாம் நாம் ஆலோசகரைத் தேட வேண்டியதில்லை.

இதற்காகக் குப்பத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக், கிழிந்த நைலான் வலை, கழிவுநீர் என்று அங்கேயும் பேச வேண்டியவை உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். மீன் விற்கும் பெண்களின் சொல் அங்கே ஏறுவது கஷ்டம். வெயிலில் அதிகம் வாடுவது அந்தப் பெண்கள்தான், அவர்களுக்கு அடுத்தபடி நம் வாசலில் நிற்கும் வாட்ச்மேன். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் கேட்டுக்கு வெளியே ஒரு கூரையும் தண்ணீர்ப் பந்தலும் போடுவதற்கு அந்த அறிவிப்புகூடத் தேவையில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தால் விரட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் எங்கே பேசுவது? மாநகராட்சி 2023 ஜூனில் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது அதன் இலக்கு. நாடு முழுவதற்கும் இந்தியா வைத்திருக்கும் ஆண்டு 2070. முந்தைய ஆண்டு வந்த வரைவில், 2100க்குள் நகரத்தில் 67 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 16 சதவீதம், நிரந்தரமாக நீருக்குள் போகலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அந்த வரைவு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. நீருக்குள் போகப்போகும் ஊர்க்காரர்கள் படிக்க முடியாத மொழியில் கருத்துக் கேட்டார்கள். பலர் கேள்வி எழுப்பிய பிறகுதான் தமிழ் என்ற பேச்சே வந்தது. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தில் எழுதிய திட்டம் நம் வார்டுக்குத் தானாக இறங்கி வராது. யாராவது போய் இழுக்க வேண்டும்.

அதற்கு ஒரு கயிறு இருக்கிறது. ஊர்ப்புறத்தில் கிராம சபை போல, நகரத்தில் வார்டுக் குழுவும் பகுதி சபையும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதலமைச்சரே பம்மலில் பகுதி சபையில் போய் உட்கார்ந்தார். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் அதில் பேசலாம். சங்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. காலனிக்காரரும் குப்பத்துக்காரரும் சமமாக உட்காரும் ஒரே சட்டபூர்வமான இடம் அதுதான். நம் சங்கங்களுக்கு அது பிடிப்பதில்லை. தனியாகப் போய் மண்டல அலுவலகத்தில் மனு கொடுப்பதும், தெரிந்த அதிகாரிக்கு போன் போடுவதும்தான் சுலபம். வேலையும் சீக்கிரம் நடக்கும். ஆனால் அப்படி நடக்கும் வேலையை அடுத்த அதிகாரி வந்து புரட்டிப்போடலாம். சபையில் நிறைவேறித் தமிழில் பதிவான தீர்மானத்தைப் புரட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

என் யோசனை இதுதான். இப்போதிருக்கும் மனுவைக் கொடுக்காமல் நிறுத்துங்கள். அதற்குப் பதில், குப்பத்தோடு பேசி எழுதிய ஒரு தீர்மானத்தை அடுத்த பகுதி சபைக்குக் கொண்டுபோங்கள். மீதமிருக்கும் மணல்மேடு எங்கெங்கே இருக்கிறது, படகும் வலையும் எந்தப் பருவத்தில் எதுவரை வரும் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து நடந்து ஒரு வரைபடம் போடுங்கள், அதை வார்டு ஆவணமாக்கச் சொல்லுங்கள். அடம்பு இருக்கும் இடத்தில் சுத்தம் செய்யும் இயந்திரம் ஏறக் கூடாது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் குனிந்து பிளாஸ்டிக் பொறுக்குவது நல்ல வேலை, தொடரட்டும். கல் கொட்டுவது, வடிகால், விளக்கு மூன்றிலும் தனி வார்டாக முடிவெடுக்காமல் பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரை ஒரே கரையாக எடுத்துப் பேசச் சொல்லுங்கள். நம் காம்பவுண்டுக்குள் மழைநீர்க் குழிகளைத் தூர்வாருவதற்கு யாருடைய தீர்மானமும் வேண்டாம், ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

சூரிய மின்சாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்கென்றே மானியம் இருக்கிறது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். நம் மாடிகள் சும்மாதான் வெயில் காய்கின்றன. உப்புக் காற்றில் ஸ்டாண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதற்குத் தகுந்த உலோகமாகக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திட்டத்தைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் பேசியதைவிட நாய்களைப் பற்றிப் பேசியது அதிகம்.

வடக்கையும் கொஞ்சம் பார்க்கச் சொல்வேன். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது அங்கிருந்த மீனவர்கள் மக்காலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். நம் ஏ.சி. ஓடுவதற்கான மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கத்து அனல்மின் நிலையங்களில்தான் எரிகிறது. கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று வடசென்னையின் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலியாக நின்றன. காலநிலைக்காக ஒரு குடியிருப்போர் சங்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் அவர்களிடம் போய்க் கேட்கலாம். தென்சென்னைச் சங்கங்களிலிருந்து ஓர் ஆதரவுக் கடிதமாவது போகட்டும். எழுதித் தர நான் தயார்.

குப்பத்தோடு உட்காருவதற்கு ஒப்புக்கொண்டால் சில நடைமுறை விஷயங்கள். நாம் கூட்டம் வைக்கும் இரவு எட்டு மணி அவர்களுக்குச் சரிப்படாது. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகிறவர்கள் அந்த நேரம் தூங்கப் போய்விடுவார்கள். காலையில் மீன் ஏலம் இருக்கும். மாலை நாலரை, ஐந்து மணி வாக்கில் வைக்கலாம். இடம் நம் கிளப் ஹவுஸ் வேண்டாம், குப்பத்துக் கோயில் முன்னால் இருக்கும் மேடை போதும். வெயிலும் தாழ்ந்திருக்கும். மீன் விற்கும் பெண்களைப் பஞ்சாயத்தார் மூலம் சொல்லி அனுப்பாமல் நேராகப் போய் அழைக்க வேண்டும், நம் பக்கத்துப் பெண்கள் போனால் நல்லது. பவர்பாயின்ட் வேண்டாம். பெரிய சார்ட் தாளும் கலர் ஸ்கெட்ச்சும் கொண்டுவாருங்கள், வரைபடத்தை அங்கேயே வரையலாம். குறிப்பு எடுப்பவர் தமிழில் எடுக்கட்டும், முடிந்ததும் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். டீயும் பஜ்ஜியும் நம் செலவு. எந்தச் சங்கம் முதலில் வருகிறது என்று செயலாளர்கள் இந்த வாரத்துக்குள் சொன்னால், தேதியைக் குப்பத்தில் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
திருவான்மியூரில் குடியிருக்கும், சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருத்தி